ஜீப்புக்கு எழுதிய வாக்குறுதி

மகனே,

நீ சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போன தாள் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமல் இருக்க அம்மா அதன் மேல் உப்பு ஜாடியைத் தூக்கி வைத்திருக்கிறாள். நான் அதில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று சொன்னாய். போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் நீ சிலவற்றைக் கேட்டாக வேண்டும். நேரில் பேசினால் நீ பாதியில் எழுந்து போகிறாய், நான் குரலை உயர்த்துகிறேன், பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் ஜன்னலைச் சாத்துகிறார்கள். அதனால் எழுதுகிறேன். தமிழில் எழுதுவது வேண்டுமென்றேதான். ஆங்கிலமாக இருந்தால் ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரத்தில் மேய்ந்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய். தமிழை எழுத்துக்கூட்டித்தான் உன்னால் படிக்க முடியும். நல்லது, மெதுவாகப் படி. டில்லியில் பிறந்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்தை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்காமல் விட்டது என் தப்பு. இந்தக் கடிதத்தில் நான் ஒப்புக்கொள்ளப்போகிற தப்பு அது ஒன்றுதான். முடியவில்லை என்றால் அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல். அவள் எங்கேயாவது சட்டென்று அடுத்த பாராவுக்குத் தாவினால், அந்த இடத்தை மட்டும் விடாதே.

இதன் பிரதி ஒன்றை நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கும் கொடுக்கப்போகிறேன். அதனால்தான் நாட்டின் பெயரோ கம்பெனியின் பெயரோ இதில் எங்கும் இல்லை. நம் லக்ஷ்மிபாய் நகரிலேயே உன் வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது வெளிநாட்டுக் கம்பெனிகளின் டில்லி ஆபீஸ்களில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய அப்பாக்களும் படிக்கட்டும்.

அந்தத் தாள் என்னவென்று மற்றவர்களுக்கும் புரியவேண்டும் என்பதால் சொல்கிறேன். ராணுவத்துக்கு வயர்லெஸ் பெட்டி செய்யும் அரசுத் துறை ஒன்றில் நான் அதிகாரி. அந்தப் பெட்டிகளுக்கு வேண்டிய சிப்களை விற்கும் வெளிநாட்டுக் கம்பெனி உனக்கு வேலை கொடுத்திருக்கிறது. அரசு ஊழியனின் மகன், அந்த ஊழியனின் துறையோடு கொடுக்கல் வாங்கல் உள்ள கம்பெனியில் சேர்வதென்றால், தகப்பன் அரசாங்கத்திடம் அனுமதி கேட்டு விண்ணப்பம் போடவேண்டும். அந்த விண்ணப்பம்தான் இந்தத் தாள். அனுமதி கிடைக்கும், அதில் சந்தேகமில்லை. கிடைத்த கையோடு என்னை அந்தப் பிரிவிலிருந்து தூக்கி வேறு எங்காவது போடுவார்கள். இரண்டும் உனக்குத் தெரியும். தெரிந்துதான் தாளை வைத்துவிட்டுப் போனாய்.

போன ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது நடந்தது நினைவிருக்கும். "அப்பா, இது சும்மா ஒரு ஜாப். வருஷத்துக்கு ரெண்டு தடவை போயி, அவங்க வித்த சிப் வச்ச எடத்துலயே இருக்கான்னு பாத்து ரிப்போர்ட் எழுதணும். அச்சா, இதுல என்ன தப்பு?" என்றாய். "என் அலமாரியில இருக்குற சிப்பை நீ வந்து எண்ணப்போற" என்றேன். "எண்ணினா என்ன? இருந்தா இருக்குன்னு எழுதப்போறேன். நீங்க ஒண்ணும் ஒளிச்சு வைக்கலியே?" என்று சிரித்தாய். அம்மா குழம்புக் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "சாப்பிடுத நேரத்துல ஆபீஸ் பேச்சு எதுக்கு? ஏல, நீயாவது வாய மூடு. ஏங்க, நீங்களும்தான்" என்றாள். ஆஸ்பத்திரியில் ஒரு வார்டையே அடக்கி வைக்கிறவள். நம் இரண்டு பேரை அவளால் அடக்க முடியவில்லை. நீ கை கழுவப் போய்விட்டாய். உன் கேள்விக்குப் பதிலை இப்போது சொல்கிறேன். நான் எதையும் ஒளித்து வைக்கவில்லை. ஒளித்தவர்கள் வேறு ஆட்கள்.

பல வருடங்களுக்கு முன் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு மாதிரி வயர்லெஸ் பெட்டிகள் செய்தோம். ஒன்று என் குழு செய்தது. முழுக்க முழுக்க இந்த நாட்டில் செய்த டிரான்சிஸ்டர்களை வைத்து ஒவ்வொன்றாகப் பற்றவைத்த பெட்டி. கனம் அதிகம். இரண்டு ஆள் தூக்கவேண்டும், கொஞ்ச நேரம் ஓடினால் மேல்மூடி சுடும். ரொட்டி சுடும் அடுப்பு மாதிரி இருக்கிறதென்று அதற்குத் 'தந்தூர்' எனப் பெயர் வைத்துச் சிரித்தார்கள். இன்னொன்று வெளிநாட்டுச் சிப் வைத்தது. விரல் நகம் அளவு சிப் ஒன்று, எங்கள் டிரான்சிஸ்டர் பலகைகள் பலவற்றின் வேலையைத் தனியாகச் செய்துவிடும். ஒரு சிப்பாய் அதை முதுகில் மாட்டிக்கொண்டு ஓடலாம். அது ஜெயித்தது. அது ஜெயித்ததில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் ஆத்திரம் இல்லை. நல்ல பெட்டிதான். ஆத்திரம் வந்தது அதற்குப் பிறகு நடந்த கூத்தில்.

நமக்கு நட்பாக ஒரு சின்ன நாடு இருக்கிறது. மலை, பனி, கொஞ்சம் ஜனங்கள். ஒரு வருடம் அந்த நாட்டு ராணுவத்துக்கு நாம் ஜீப்புகளை அன்பளிப்பாகக் கொடுத்தோம். அந்த விழாவில் மந்திரி ஒரு நல்ல வாக்கியம் பேசினார். எங்கள் மண்ணில் செய்த பொருள் இது, எங்கள் நாடு இருக்கும்வரை இதற்கு உதிரிப்பாகம் உங்களைத் தேடி வரும் என்று. ஜீப்பைப் பொறுத்தவரை அது உண்மை. அச்சு, கியர், வால்வு எல்லாம் இங்கே வார்த்தவை. அடுத்த வருடம் அதே நாட்டுக்கு, சிப் வைத்த வயர்லெஸ் பெட்டிகளைக் கொடுக்க முடிவானது. விழாவுக்கு உரை எழுதவேண்டிய ஆள் என்ன செய்தார் தெரியுமா? போன வருடத்து உரையை எடுத்து, ஜீப் என்று வந்த இடத்திலெல்லாம் வயர்லெஸ் பெட்டி என்று தட்டச்சு செய்யச் சொன்னார். டில்லியில் பாதி அரசாங்கம் இப்படித்தான் நடக்கிறது, அது உனக்கும் ஒருநாள் தெரியும். உரை ஒரு பார்வைக்காக என்னிடம் வந்தது. அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினேன்: சிப் நம்முடையது அல்ல, விற்றவர்களின் அரசாங்கம் சம்மதிக்காமல் ஒரு சிப்பைக்கூட மூன்றாம் நாட்டுக்கு நாம் கொடுக்கக்கூடாது என்பது நிபந்தனை, ஆகவே இந்த வாக்குறுதியைக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். நல்ல வெள்ளைச் சட்டை, எப்போதும் வாயில் ஏலக்காய். "பாயி சாப், கல்யாணப் பந்தல்ல நின்னுக்கிட்டு மாப்பிள்ளைக்கு ஆஸ்துமான்னு மைக்குல சொல்லுவாங்களா?" என்று இந்தியில் கேட்டார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "சொல்லாம கட்டி வச்சா பொண்ணு வீட்டுக்காரன் அப்புறம் வந்து நம்ம கதவைத்தான் தட்டுவான் சார்" என்றேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. மந்திரி ஜீப்புக்கு எழுதிய வாக்குறுதியை வயர்லெஸ் பெட்டிக்குப் படித்தார். அந்தச் சின்ன நாட்டுக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர்கள் ஏன் தட்டமாட்டார்கள்? வாக்கியத்தை அவர்கள் நம்பினார்கள்.

கதவைத் தட்டியவர் மேஜர். நீ அவரை மறந்திருக்கமாட்டாய். அந்த நாட்டு ராணுவத்தில் வயர்லெஸ் பிரிவுக்குப் பொறுப்பாளர், நம் நாட்டில் பயிற்சி எடுத்தவர், இந்தி நன்றாகப் பேசுவார். உச்சியில் இருக்கும் காவல்சாவடிகளில் குளிரில் சிப்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. மாற்றுச் சிப் கேட்டு டில்லிக்கு வந்து, சாணக்யபுரியில் அவர்கள் தூதரகத்தில் தங்கி, தினமும் காலையில் எங்கள் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்திருப்பார். சிப் எங்களிடம் இருந்தது. இரும்பு அலமாரியில், கறுப்புப் பஞ்சு வைத்த சின்னப் பெட்டிகளில், வரிசையாக. கொடுக்கத்தான் முடியாது. கம்பெனி ஆள் வந்து எண்ணிவிட்டுப் போவான். ஒன்று குறைந்தாலும் நம் ராணுவத்துக்கு வரவேண்டிய அடுத்த சரக்கு நின்றுவிடும். அனுமதி கேட்டு எழுதினோம். முடியாது என்று பதில் வந்திருந்தால் மேஜர் ஊருக்குப் போய் வேறு வழி பார்த்திருப்பார். பதிலே வரவில்லை. பரிசீலனையில் இருக்கிறது என்று அந்தக் கம்பெனியின் டில்லி ஆபீஸ் சொல்லிக்கொண்டே இருந்தது. நீ இப்போது சேரப்போகிற அதே ஆபீஸ்.

ஒரு மாலை அவரை நம் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தேன். நீ காலேஜ் விடுமுறைக்கு வந்திருந்தாய். அம்மா ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தாள். அவர் காரத்துக்குப் பயப்படாமல் சாப்பிட்டதில் அவளுக்குப் பெருமை. "பாவி மனுசன், மொளகாயக் கடிச்சுக்கிட்டுல்ல திங்காரு" என்று என்னிடம் தமிழில் சொன்னாள். அவர் என்னவென்று கேட்டார், நீதான் இந்தியில் மொழிபெயர்த்தாய். சாப்பிட்டுக்கொண்டே, சாதாரணமாக, தன் ஆட்கள் இரண்டு பேரைப் பற்றிச் சொன்னார். சாவடியில் வயர்லெஸ் செத்துப்போனது. ஒருவனுக்குக் காய்ச்சல் முற்றிவிட்டது. உதவி கேட்க வழியில்லாமல் மற்றவன் அவனைத் தாங்கிப்பிடித்துப் பனியில் நடத்திக் கீழே கூட்டிவந்தான். காய்ச்சல்காரன் பிழைத்துக்கொண்டான். கூட்டிவந்தவனுக்குக் கால்விரல்கள் போய்விட்டன. "ஒரு வார்த்தை மேலேயிருந்து கீழே போயிருந்தா போதும். ஒரே ஒரு வார்த்தை" என்றார். நீ சாப்பிடுவதை நிறுத்திவிட்டாய். அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது கேட்டாய்: "நம்மகிட்டதான் ஸ்டாக் இருக்கேப்பா, ஏன் குடுக்க மாட்டேங்கறாங்க?" அன்று நான் உனக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது அந்தப் பதிலைச் சொல்லவேண்டிய நாற்காலியில் நீயே உட்காரப்போகிறாய். அதனால்தான் உன் 'சும்மா ஒரு ஜாப்' என் தொண்டையில் இறங்க மறுக்கிறது.

மேஜர் வெறுங்கையோடு போனார். கொஞ்ச நாளில் அந்தச் சின்ன நாடு இன்னொரு நாட்டோடு கைகுலுக்கிக்கொண்டது. அந்த நாட்டுப் பெட்டிகள் வந்தன, பெட்டிகளோடு அவற்றை ஓட்டிக்காட்ட ஆட்களும் வந்தார்கள், வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. எங்கள் ஆபீசில் கூட்டம் போட்டார்கள். ஏலக்காய்க்காரர், "நன்றி கெட்ட ஜனங்கள்" என்றார். நான் எழுந்து, அவர்கள் நன்றி கெட்டவர்கள் இல்லை, நாம்தான் சாவி இன்னொருவன் பையில் இருக்கும்போது வீட்டைத் திறந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தோம், ஜீப்புக்குப் பேசியதை வயர்லெஸ்ஸுக்கும் பேசினோம் என்றேன். யாருடைய உரையை யார் காப்பியடித்தார்கள் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று உன் அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். விட்டிருக்கமாட்டேன். திரும்ப அந்த நாற்காலியில் உட்காரவைத்தாலும் அதையேதான் சொல்வேன், இன்னும் சத்தமாக.

விளைவு உனக்குத் தெரியும். எனக்குக் கீழே இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு வந்தது. என்னை வடிவமைப்புப் பிரிவிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு அதிகாரியாகப் போட்டார்கள். பெட்டி செய்தவனை அலமாரிக்குக் காவல் வைத்தார்கள். பெரிய கார் வாங்காத அப்பா, பெரிய குவார்ட்டர்ஸுக்கு மாறாத அப்பா என்று உன் சிநேகிதர்கள் வீட்டோடு நீ என்னை ஒப்பிட்டுப் பார்த்த வருடங்கள் அவை. எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. கம்பெனி ஆள் எண்ண வரும்போதெல்லாம் டீயும் பிஸ்கட்டும் வாங்கி வைத்து, அவன் எண்ணி முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பது என் வேலையாயிற்று. அவன் கெட்டவன் இல்லை. பேரப்பிள்ளைகளின் போட்டோ காட்டுவான். ஆனால் நம் நாட்டின் சொல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அவனுடைய பென்சில் தீர்மானித்தது.

"டிரான்சிஸ்டரை வச்சுக்கிட்டு எத்தனை நாள் ஓட்டுவீங்க? உலகத்துல எல்லாரும் யாரையாவது நம்பித்தானே இருக்காங்க" என்று நீ கேட்டாய். நியாயமான கேள்விதான், படித்த பிள்ளை கேட்கிற கேள்வி. சிப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கே நாமே செய்யும் நாள் வரும்வரை வாங்கத்தான் வேண்டும். வாங்குவதில் வெட்கம் இல்லை. கடன் வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு அதை இன்னொருவனுக்குத் தானம் செய்கிறேன் என்று மேடையில் பேசுகிறோமே, அதில்தான் வெட்கம். பெரிய நாடுகளும் இதற்கு விலக்கில்லை. உனக்குச் சம்பளம் கொடுக்கப்போகிறவர்களின் நாடுகூட எங்கேயோ கடல் தாண்டிச் சிப் தொழிற்சாலை கட்டிக்கொண்டிருக்கிறது என்று நீதான் பெருமையாகச் சொன்னாய். ஒருநாள் அவர்களும் ஒரு சின்ன நாட்டுக்கு நாங்கள் இருக்கிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, கொடுத்த வாக்கைக் காப்பாற்றவேண்டிய பொருள் யார் கையில் இருக்கிறது என்று திரும்பிப் பார்ப்பார்கள். அன்றைக்கு அவர்களுடைய உரையையும் யாரோ ஒருவர் ஜீப்பிலிருந்துதான் காப்பியடித்திருப்பார்.

இனி உனக்குத் தெரியாத சங்கதி. இந்தக் குளிர்காலத்தில் மேஜர் மறுபடி வந்தார். புதிய நண்பர்களின் ஆட்கள் எல்லாச் சாவடிகளுக்கும் வந்துவிட்டார்களாம், உச்சியில் இருக்கும் ஒன்றைத் தவிர. அங்கே போக அவர்களுக்கு மூச்சு போதவில்லை. அந்த ஒரு சாவடிக்காவது சிப் கிடைக்குமா என்று கேட்க வந்திருந்தார். அதே பதில், அதாவது பதில் இல்லை. போகும்முன் எங்கள் ஸ்டோர் வராந்தாவில் நின்று தண்ணீர் குடித்தார். மண்பானை எதன் மேல் இருக்கிறது என்று குனிந்து பார்த்தார். பழைய தந்தூர். மிச்சம் இருந்தவை உள்ளே ஒட்டடைக்குள் கிடந்தன. "இது சூடாகும்னு சொல்வீங்களே, அதுவா?" என்றார். "ஆமாம், அதுதான் அதோட குறை" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சாப், உங்க டில்லியில அது குறை. எங்க மலையில குளிர்லதான் பெட்டி சாகுது" என்றார்.

இத்தனை வருடம் இது எனக்குத் தோன்றவில்லை. டில்லி வெயிலில் வைத்துத் தீர்ப்புச் சொன்ன பெட்டி அது. பானையை இறக்கினோம். கரோல் பாக்கில் ரேடியோ ரிப்பேர்க் கடைக்கு இரண்டு பேரும் போய், எரிந்துபோன டிரான்சிஸ்டர்களுக்கு மாற்று வாங்கினோம். "எதுக்கு பாயி சாப், கல்யாண வீட்டு மைக்செட்டா?" என்று கடைக்காரர் கேட்டார். மேஜர் தயங்காமல், "ஆமா, பெரிய வீட்டுக் கல்யாணம்" என்றார். யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. அவரே உட்கார்ந்து பற்றவைத்தார். பெட்டிகள் உயிரோடு எழுந்தன. அவை எப்போதோ கழிவு என்று முடிவு செய்யப்பட்டவை. கழிவுப் பொருளை நட்பு நாட்டுக்கு இலவசமாகக் கொடுக்கலாமா என்று முறைப்படி கேட்டேன். எந்தத் திருட்டுத்தனமும் இல்லை. ஏலக்காய்க்காரர் சிரித்தார். "கபாடி மால்தானே, லே ஜானே தோ", குப்பைதானே, கொண்டுபோகட்டும் என்று கையெழுத்துப் போட்டார். என் துறை வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நகர்ந்த விஷயம் வேறு இல்லை. குப்பைக்கு யாரும் நிபந்தனை போடுவதில்லை.

பெட்டிகள் லாரியில் போய், பிறகு கோவேறு கழுதைகள் மேல் போய், கடைசியில் மனிதர்கள் முதுகில் போயின. போன வாரம் அவர்கள் தூதரகத்திலிருந்து ஒருவர் ஸ்டோருக்கே வந்தார். உச்சியிலிருந்து குரல் கீழே கேட்கிறதாம், இரைச்சலோடு, ஆனால் நாள் முழுக்க. சாவடிக்காரர்கள் பெட்டியின் மூடிமேல் கையுறைகளைக் காயப்போடுகிறார்களாம். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அன்று வீட்டுக்கு வந்து உங்கள் இருவரிடமும் அதைச் சொல்ல நினைத்தேன். வந்தபோது மேஜையில் உன் தாள் இருந்தது.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். உப்பு ஜாடிக்கு அடியில் இருக்கிறது, எடுத்துக்கொள். உனக்கு வேலை தர விரும்புகிறவர்களுக்கும் உனக்கும் நடுவில் நிற்க நான் யார்? வாழ்த்தெல்லாம் எதிர்பார்க்காதே. ஒன்று மட்டும் சொல்கிறேன், இதை அம்மா தாண்டிப்போகாமல் படிக்கட்டும். என்றாவது எங்கேயோ ஒரு மேஜர் ஒரே ஒரு சிப் கேட்டு உன் மேஜை முன்னால் வந்து உட்கார்ந்தால், அவனைக் காக்கவைக்காதே. முடியும் என்றால் முடியும் என்று எழுது. முடியாது என்றால் முடியாது என்று எழுதி, கீழே உன் பெயரைப் போடு. பரிசீலனையில் இருக்கிறது என்று மட்டும் எழுதாதே. அது எவனோ ஒருவனின் கால்விரல்.

என்னை மாற்றப்போகிறார்கள். மாற்றட்டும், அந்த அறையில் நான் செய்யவேண்டியது முடிந்துவிட்டது. நீ முதல் தடவை எண்ண வரும்போது வேறு யாரோ சாவியோடு நிற்பார். டீ கொடுப்பார், குடி. அலமாரியைத் திறந்து நிதானமாக எண்ணு. ஒன்றுகூடக் குறையாது, அது நான் பார்த்துக்கொண்ட அலமாரி. எண்ணி முடித்ததும் வராந்தாவுக்கு வா. மூலையில் தண்ணீர்ப் பானை தரையில் இருக்கும். ஏன் தரையில் இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது, உனக்குத் தெரியும். ரிப்போர்ட்டில் அதை எழுத உனக்கு இடம் இருக்காது. ஒரு டம்ளர் மொண்டு குடித்துவிட்டுப் போ.

அப்பா